ரெண்டு பேர் வண்டி

கையை வெச்சுப் பாருங்க அம்மிணி. பானட் மேலதான், பயப்படாம வைங்க. சில்லுன்னு இருக்குதுல்ல? அதை முதல்ல மனசுல வெச்சுக்கங்க. நேத்து உங்க போன் வந்ததுமே சாவியை எடுத்து என் தையல் மிசின் டப்பாவுக்குள்ள போட்டுட்டேன். யாரும் ஸ்டார்ட் பண்ணலை. பழைய வண்டி பாக்க வந்தா அது ஆறிக் கிடக்கணும். அப்பத்தான் அது கிளம்புமா, இருமுமா, புகை விடுமான்னு தெரியும்.

நாங்க குன்னூருக்கு இதைப் பாக்கப் போனப்ப பானட் சூடா இருந்துச்சு. தை மாசத்துக் குளுரு, பனி விலகலை. எனக்குக் கை விறைச்சுப் போச்சு. நல்லா இருக்குதேன்னு ரெண்டு கையையும் இது மேல வெச்சுக் குளிர் காஞ்சுக்கிட்டு நின்னேன். ஏன் சூடா இருக்குதுன்னு ஒரு கேள்வி வரலை பாருங்க. விக்கறவன் நாங்க வர்றதுக்கு முன்னாடியே ஓட்டிச் சூடு பண்ணி வெச்சிருக்கான். சாவியைத் திருப்புனதும் ஒரே தட்டுல கிளம்பிருச்சு. எங்க வீட்டுக்காரரு என்னைத் திரும்பிப் பாத்தாரு. கல்யாணத்தன்னிக்குக்கூட அப்படி ஒரு முகத்தை நான் பாக்கலை.

மறுநாள் காத்தால இதே இடத்துல நின்னுக்கிட்டு, இதே வண்டி, கிளம்பவே மாட்டேன்னுச்சு. கடைசியில கிளம்புனப்ப அம்புட்டும் நீலப் புகை. எதிர்வீட்டுக்காரங்க கொடியில வேட்டி காயப் போட்டிருந்தாங்க. அதுக்கப்பறம் ரொம்ப நாளைக்கு அவங்க எங்ககூடப் பேசலை.

நீங்க சுத்திப் பாருங்க, நான் பேசிக்கிட்டே வர்றேன். பொம்பளைப்புள்ள ஒருத்தி சேலத்துல இருந்து ஒத்தையா பஸ் ஏறி இந்த மாதிரி வண்டி பாக்க வருவான்னு நான் நெனைக்கலை. உங்களைப் பாத்ததுமே முடிவு பண்ணிட்டேன், இந்தப் புள்ளைகிட்ட எதையும் மறைக்கறதில்லைன்னு. எங்ககிட்ட யாரும் சொல்லலை. அதனால நான் சொல்றேன்.

எங்க வீட்டுக்காரரு பேரு சென்னியப்பன். பம்புசெட் கம்பெனியில பர்ச்சேஸ்ல இருந்தாரு, ரிட்டையர் ஆகற வரைக்கும். சரக்கு வாங்கற வேலை. லாரியை கேட்டுலயே நிறுத்தி, வார்ப்பைத் தட்டிச் சத்தம் கேட்டே இதுக்குள்ள ஓட்டை இருக்குது, திருப்பி எடுத்துட்டுப் போன்னு சொல்றவரு. வீட்டுக்குக் கத்தரிக்கா வாங்குனாலும் காம்பைத் திருப்பித் திருப்பிப் பாப்பாரு. கடைக்காரங்க இவரைக் கண்டாலே சலிச்சுக்குவாங்க. அந்த மனுசன் இந்த வண்டியைச் சுத்தி ஒரு தடவை நடந்தாரு. அவ்வளவுதான். கீழ குனிஞ்சு பாக்கலை, கார்ப்பெட்டைத் தூக்கிப் பாக்கலை, ஒரு மெக்கானிக்கைக் கூட்டிட்டுப் போகலை. வேலைக்குச் சேந்த புதுசுல ரேஸ்கோர்ஸ் ரோட்டுல இந்த மாதிரி மேல தொறந்த செவப்புக் காரு ஒண்ணு இவரு சைக்கிளைத் தாண்டிப் போச்சாம். அன்னிக்கு இருந்து மனசுல வெச்சிருந்திருக்காரு. எங்கிட்டக்கூட சொல்லலை.

எங்களுக்குப் புள்ளைக இல்லைங்க. அதுக்கு நீங்க முகம் வாட வேண்டாம், அதெல்லாம் நாங்க எப்பவோ விட்டுட்டோம். வீட்டுல ரெண்டு பேரு, வண்டியில ரெண்டு சீட்டு, சரியா இருக்குதே தெய்வான்னாரு. தெய்வானைங்கறது என் பேரு. சரின்னுட்டேன். இத்தன வருசத்துல அவரு தனக்குன்னு ஆசைப்பட்டு ஒண்ணு கேட்டதில்லை.

குன்னூர்ல இருந்து எறங்கறப்பவே ஆரம்பிச்சுருச்சு. ரெண்டு வளைவு தாண்டுனதும் ஏதோ தீயற நாத்தம். மூணாவது வளைவுல பிரேக்கை மிதிச்சா மிதி பஞ்சு மாதிரி உள்ள போகுது. அவரு கியரைக் கொறைச்சு, கைப்பிரேக்கைப் பிடிச்சு, எப்படியோ பர்லியார்ல ஓரங்கட்டி நிறுத்திட்டாரு. பிரேக் எண்ணெயை வருசக்கணக்கா மாத்தாம விட்டா சூட்டுல கொதிச்சுப் போயிருமாம். அப்ப எங்களுக்கு அதெல்லாம் தெரியுமா? அங்கயே உக்காந்திருந்தோம். குரங்கு வந்து இந்தத் துணிக்கூரையைப் பிடிச்சு இழுத்துச்சு. இதா, இந்தத் தையலு நான் போட்டதுதான். திருப்பிக் குடுத்துரலாமான்னு கேட்டேன். பழகிரும்னாரு. யாருக்குப் பழகிரும்னு நானும் கேக்கலை.

மேட்டுப்பாளையம் வந்ததும் போக்குவரத்து நெரிசல்ல நின்னோம். பிரேக் ஆறுச்சு, எஞ்சின் கொதிச்சுச்சு. முன்னால இருந்து ஆவி கிளம்புது. டீக்கடையில ஒருத்தரு குடம் தண்ணி குடுத்தாரு. ரேடியேட்டரு பூரா உள்ள அடைச்சுக் கிடந்திருக்குது. மலைக்கு மேல குளுருல தெரியாது அம்மிணி. கீழ எறங்குனாத்தான் தெரியும். அதனால மலையில இருந்து வண்டி வாங்குனா கீழ கொண்டுவந்து காட்டச் சொல்லுங்க.

வீட்டுக்கு வந்தது ஒரு விதம். வந்த பொறகு தெரிஞ்சது ஒரு விதம். ஹாரன் அடிச்சா லைட்டு அணையும். இடதுபக்கம் திருப்புனா ஹாரன் தானா அடிக்கும். வயரை எல்லாம் யாரோ துண்டு துண்டா வெட்டி ஒட்டி வெச்சிருந்தாங்க. கீழ எண்ணெய் சொட்டிக்கிட்டே இருக்கும். எங்க கல்யாணத்துக்கு வந்த தாம்பாளத்தை அதுக்கு அடியில வெச்சேன். மாசி மாசம் எதிர்பாக்காத ஒரு மழை. சூலூர் சந்தைக்குப் போயிட்டுத் திரும்பறோம், காலுக்கடியில ஈரமா இருக்குதேன்னு குதிகாலை அழுத்துனேன். பொத்துனு உள்ள போயிருச்சு. குனிஞ்சு பாக்கறேன், என் காலுக்குக் கீழ ரோடு ஓடுது. கார்ப்பெட்டுக்கு அடியில தகரமே இல்லை. துருதான் தகரம் மாதிரி இருந்திருக்குது. செருப்பு ஒண்ணு அங்கயே விழுந்து போச்சு.

நான் தையக்காரி. கீழ சிந்தற ஊசியைப் பொறுக்கறதுக்கு ஒரு காந்தம் வெச்சிருப்பேன். அதை எடுத்துட்டு வந்து வண்டி மேல பூரா வெச்சுப் பாத்தேன். சில இடத்துல ஒட்டுச்சு, சில இடத்துல கழண்டு விழுந்துச்சு. விழுந்த இடமெல்லாம் தகரம் இல்லை, ஓட்டையில பூசி அடைக்கற மக்குதான். மேல செவப்புப் பெயிண்டை அடிச்சு வித்துட்டான். இவரு பக்கத்துல நின்னு பாத்துக்கிட்டே இருந்தாரு. காந்தம் ஒவ்வொரு தடவை விழறப்பவும் அவரு முகத்தைப் பாக்கணுமே. அப்பறம் நான் காந்தத்தை எடுத்துக்கிட்டு உள்ள போயிட்டேன். எதுக்கு இன்னும் பாக்கணும்னு.

போத்தனூர்ல ஸ்டான்லின்னு ஒரு மெக்கானிக்கு. அவரு அப்பா காலத்துல இருந்தே இந்த மாதிரி வண்டி பாக்கறவங்க. நல்ல வேலைக்காரருதான், ஆனா நாளைக்கின்னா அது அடுத்த மாசம். பிரேக்கு, ரேடியேட்டரு, வயரிங்கு, அடித்தகரம்னு ஒண்ணொண்ணாப் பண்ணாரு. சாமான் வெளிநாட்டுல இருந்து வரணும். வந்தா அது வேற வருசத்து வண்டியோட சாமானா இருக்கும். திருப்பி அனுப்பணும். இவரு தெனம் போத்தனூருக்குப் போய் ஸ்டூல் போட்டு உக்காந்துக்குவாரு. கம்பெனியில இருந்தப்பக்கூட அப்படி நேரத்துக்குக் கிளம்புனதில்லை.

ரெண்டாவது கியரு மட்டும் நிக்கவே நிக்காது. போட்டுட்டுக் கையை எடுத்தா துள்ளி வெளிய வந்துரும். ஒரு கையில ஸ்டியரிங்கு, ஒரு கையில கியரு, அவருக்குச் சிரமமா இருந்துச்சு. அதனால ரெண்டாவது கியருன்னாருன்னா நான் கையை நீட்டிப் பிடிச்சுக்குவேன். விடுன்னாருன்னா விடுவேன். ஆனி மாசம் இந்த மேல்துணியை மடிச்சுப் போட்டுட்டுத் திருமூர்த்தி மலைக்குப் போனோம். உடுமலை தாண்டுனதும் ரெண்டு பக்கமும் தென்னந்தோப்பு, கரண்டு எடுக்கற பெரிய காத்தாடியெல்லாம் சுத்துது. என் முடியெல்லாம் பறக்குது, நான் பேசறது அவருக்குக் கேக்கலை, அவரு பேசறது எனக்குக் கேக்கலை. பள்ளிக்கூடத்துப் புள்ளைக எல்லாம் கை காட்டுச்சுக. அன்னிக்கு ஒண்ணும் கெடலை அம்மிணி. போற வழி பூரா நான்தான் ரெண்டாவது கியரைப் பிடிச்சுக்கிட்டு இருந்தேன். பொறகு ஸ்டான்லி அந்த கியர்பாக்ஸைப் பிரிச்சுச் சரி பண்ணிட்டாரு. எனக்கு வேலை இல்லாமப் போச்சு.

இனி எல்லாம் சரின்னு இருந்தப்பத்தான் கிளட்ச் வந்துச்சு.

ஆடி மாசம். சிங்காநல்லூர் சிக்னல்ல நின்னோம். பச்சை விழுந்துச்சு, வண்டி ஒரு குதி குதிச்சு நின்னு போச்சு. மறுபடி ஸ்டார்ட் பண்ணாரு, மறுபடி குதிச்சுச்சு. பின்னால ஹாரன் அடிக்கறாங்க. கிளட்ச் ரொம்ப இறுக்கமா இருக்குது தெய்வா, உள்ளயே போகமாட்டேங்குதுன்னாரு. முகமெல்லாம் வேர்த்திருந்துச்சு. பக்கத்துல ஆட்டோக்காரரு எறங்கி வந்து தள்ளிவிட்டாரு.

ஸ்டான்லிகிட்டக் கொண்டு போனோம். கிளட்ச் பிளேட்டைப் பிரிச்சாரு, சிலிண்டரை மாத்துனாரு, எண்ணெய் மாத்துனாரு. இவரு ஓட்டிப் பாத்துட்டு அப்படியேதான் இருக்குதுன்னாரு. திரும்பவும் பிரிச்சாரு. திரும்பவும் அப்படியேதான். மூணாவது தடவை ஸ்டான்லிக்குக் கோவம் வந்துருச்சு. இவரை எறக்கிட்டுத் தானே ஏறி உக்காந்து, போத்தனூர் ரயில்வே காலனியை ரெண்டு சுத்துச் சுத்திட்டு வந்தாரு. கியர் மாத்தறப்ப ஒரு சத்தமில்லை. எறங்கி, சார், வண்டி நல்லாத்தான் இருக்குது, இதுக்கு மேல எனக்குத் தெரியலை, வேற ஆள் பாத்துக்கங்கன்னு சாவியை நீட்டுனாரு.

எனக்கு வந்துச்சு பாருங்க ஆத்திரம். ஒரு மனுசன் இறுக்கமா இருக்குதுங்கறப்ப, இல்லைன்னு நீ எப்படிச் சொல்லலாம், உன் காலும் அவரு காலும் ஒண்ணான்னு அந்த ஒர்க்‌ஷாப்புல நின்னு கத்திட்டேன். ஸ்டான்லி தலையைக் குனிஞ்சுக்கிட்டு நின்னாரு. இவருதான் என் கையைப் பிடிச்சு, விடு தெய்வா, போலாம்னாரு.  ஊருக்குள்ள வர்றப்ப, அவரைத் திட்டாதே, அவரு வேலையை அவரு ஒழுங்காத்தான் செஞ்சிருக்காருன்னாரு. பாருங்க, அப்பக்கூட ஸ்டான்லியை விட்டுக்குடுக்கலை. அவ்வளவு நல்ல மனசு.

அந்தக் கிளட்ச்சை மிதிச்சு மிதிச்சுத்தான் அம்மிணி அவரு இடதுகால் இப்படித் தளந்து போச்சு. நான் அடிச்சுச் சொல்வேன். முதல்ல செருப்பு கழண்டு கழண்டு விழுந்துச்சு. நடந்துக்கிட்டே இருப்பாரு, இடதுகால்ச் செருப்பு பின்னால கிடக்கும். பொறகு வார் வெச்ச செருப்பு வாங்கிக்கிட்டாரு. பேண்டு தைக்கறவளுக்குத் தெரியாதா, இடதுகால் மடிப்பு மட்டும் முன்னால தேஞ்சு தேஞ்சு நூலா வருது. மடிச்சு அடிச்சுக் குடுப்பேன், திரும்பவும் தேஞ்சிருக்கும். ஆவணியில வாசப்படியில தட்டி விழுந்தாரு. படி ஒசரமா இருக்குதுன்னாரு. நாங்க குடிவந்ததுல இருந்து அதே படிதான்.

டாக்டரா? கேக்காம இருப்பனா? கேட்டா எந்திரிச்சு வேற வேலையா உள்ள போயிருவாரு. ஒரு தடவை மட்டும் நின்னு, கிளட்ச் சரியாகட்டும், காலும் சரியாயிரும்னாரு. அதுவும் சரிதானுங்களே. எதனால வந்துச்சோ அது போனா இதுவும் போயிரும். அதுக்கு மேல நான் கட்டாயப்படுத்தலை. ஒரு மனுசன் தனக்கு ஒண்ணுமில்லைன்னு நெனைச்சுத் தைரியமா இருக்கறப்ப அதை நான் எதுக்குக் கெடுக்கணும்.

அதுக்கப்பறம் அவரே பஸ் ஏறி கோயமுத்தூருக்குப் போக ஆரம்பிச்சாரு. உக்கடத்துல பழைய சாமான் கடைக இருக்குதுல்ல, அங்க பிளேட்டு தேடறேன்னு. காத்தால போனா பொழுதோடதான் வருவாரு. ஒண்ணும் கிடைக்கலைன்னு வெறுங்கையோட வருவாரு. ஒருநாள் முழங்கை மடிப்புல பஞ்சு வெச்சு ஒட்டியிருந்துச்சு. என்னங்கன்னேன். தகரம் கிழிச்சிருச்சு, கடைக்காரரே பஞ்சு வெச்சு விட்டாருன்னாரு. இந்த வண்டிக்காக எவ்வளவு அலைஞ்சிருக்காரு பாருங்க.

இன்னொண்ணு சொல்றேன், சிரிப்பீங்க. புரட்டாசியில குளியலறைச் செவத்துல ஆளை விட்டு ஒரு கம்பி அடிச்சு வெச்சாரு. பிடிச்சுக்கறதுக்கு. எதுக்குங்கன்னு கேட்டா, உனக்கு வயசாகுதில்ல, வழுக்கி விழுந்துட்டீன்னான்னாரு. எனக்காம். நான் இன்னும் கெணத்து மேட்டுல நின்னு துணி தொவைக்கறவ. ஆனா அந்தச் சமயத்துல அவருக்கு என்னவோ எம்மேல ரொம்ப அக்கறை. மோட்டார் ரூமுக்குக் கூட்டிட்டுப் போய் பியூஸ் போடச் சொல்லிக் குடுத்தாரு. பேங்குக்குக் கூட்டிட்டுப் போய் மிசின்ல எப்படிப் பணம் எடுக்கறதுன்னு காட்டுனாரு. டிரைவிங் ஸ்கூல்ல கொண்டு போய்ச் சேத்து விட்டாரு. எங்கூடப் பழகுனதெல்லாம் காலேஜுப் புள்ளைக. நான் ஒருத்திதான் நரைச்ச தலை. எனக்கு எதுக்குங்க இதெல்லாம், நீங்கதான் இருக்கீங்களேன்னேன். சும்மா பழகி வெச்சுக்கன்னாரு.

லைசென்ஸ் வந்த அன்னிக்கு சாவியை எங்கையில குடுத்துட்டு, இதை ஓட்டு பாக்கலாம்னாரு. இந்த வண்டியைங்க. எனக்கு உசிரே இல்லை. அவரு இந்த இடதுபக்கம் வந்து உக்காந்துக்கிட்டாரு. எப்பவும் நான் உக்கார்ற எடம். கலங்கல் ரோட்டுல கூட்டம் இருக்காது, அங்க போனோம்.

முதல்ல கிளட்ச்சை மிதிக்கணுமே. எனக்குப் பயம். இத்தன மாசமா அதைப் பத்தியேதானே பேச்சு. ரெண்டு பல்லையும் கடிச்சுக்கிட்டு, இருக்கற பலத்தையெல்லாம் சேத்து மிதிச்சேன். கால் பொசுக்குனு உள்ள போயிருச்சு. என்னடாதுன்னு எடுத்துட்டு மறுபடி மெதுவா மிதிச்சேன். அப்பவும் போச்சு. டிரைவிங் ஸ்கூல் வண்டியைவிட லேசு. நான் நெனைச்சேன், முப்பது வருசமா மிசின் மிதிக்கற காலு, நமக்குப் பலம் எச்சா இருக்குதுன்னு. அப்படித்தான் மனசுக்குச் சொல்லிக்கிட்டேன். ஆனா அம்மிணி, அது பலம் இல்லைங்க. அது நெசமாவே லேசா இருந்துச்சு. ஒரு சின்னப் புள்ளை மிதிச்சாலும் போகும்.

பக்கத்துல இருந்து கேக்கறாரு, எப்படி இருக்குதுன்னு.

நான் திரும்பிப் பாக்கலை. ரோட்டையே பாத்துக்கிட்டு இருந்தேன். இறுக்கமாத்தான் இருக்குதுங்க, நீங்க எப்படித்தான் இத்தன நாள் மிதிச்சீங்களோன்னேன்.

அவரு அந்தப் பக்கம் சோளக்காட்டைப் பாத்துக்கிட்டு இருந்தாரு. பொறகு, நான்தான் சொன்னேனே தெய்வா, இறுக்கம்னு, அப்படின்னாரு. சொல்லிட்டு, கியர் மேல இருந்த என் கை மேல அவரு கையை வெச்சாரு. வண்டி நின்னுக்கிட்டுத்தான் இருக்குது, கியர் பிடிக்க வேண்டிய வேலையும் இல்லை. இருந்தாலும் வெச்சுக்கிட்டே இருந்தாரு.

நம்பிட்டாரு, பாவம். எனக்கு அதுபோதும்னு இருந்துச்சு.

வீட்டுக்கு நான்தான் ஓட்டிட்டு வந்தேன். ஒரு தடவைகூட நிக்கலை. அதுக்கும் ஒரு காரணம் சொல்லணுமேன்னு, ஆஞ்சநேயரை வேண்டிக்கிட்டேங்க, அதான் நிக்காம வந்துச்சுன்னேன். சிரிச்சாரு.

அதுக்கப்பறம் ரெண்டு மூணு நாள் கழிச்சு அவராவே சொல்றாரு, வண்டியைக் குடுத்துரலாம்னு. நான் கேக்கவே இல்லை அம்மிணி, சத்தியமா. எனக்குள்ள இருந்ததை அவரு வாயில இருந்து கேட்டதும் சந்தோசப்படறதா அழுகறதான்னு தெரியலை. போட்டோ எடுத்து, விளம்பரம் எழுதி, எல்லாம் அவரே பண்ணாரு. வித்த பணத்துல கிளட்ச்சே இல்லாத வண்டி ஒண்ணு வாங்கலாம், உம் பேர்லயே வாங்கலாம்ங்கறாரு. எம் பேர்ல எதுக்குன்னேன். பொம்பளை பேர்ல வாங்குனா நல்லதுன்னு ஏதோ சொன்னாரு. கிளட்ச் இல்லைன்னா அவரும் சிரமமில்லாம ஓட்டலாம்ல, நான் அதுக்குத்தான் சரின்னேன். அவரு என்னன்னா, நீ ஓட்டு, நான் பக்கத்துல உக்காந்து வேடிக்கை பாத்துக்கிட்டு வர்றேங்கறாரு. கால் சரியானா அப்படிச் சொல்ல மாட்டாரு. இந்த வண்டி மொதல்ல இந்த வீட்டை விட்டுப் போகணும். போயிருச்சுன்னா காலுக்கு ஓய்வு கிடைக்கும். ரெண்டு மாசம் எண்ணெய் தேச்சு விட்டேன்னா பழையபடி ஆயிரும்.

இப்ப நான் சொல்லப்போறதைக் கொஞ்சம் கேளுங்க. அதுக்காகத்தான் இவ்வளவும் சொன்னேன்.

உங்களுக்கு முன்னாடி திருப்பூர்ல இருந்து ஒருத்தரு வந்தாரு. நல்ல மனுசன். ஓட்டிப் பாக்கறேன்னாரு, போயிட்டு வந்தாரு. எங்க வீட்டுக்காரரு கேட்டைப் பிடிச்சுக்கிட்டு நின்னுக்கிட்டு இருந்தாரு. வந்து எறங்குனவரு, சார், எஞ்சின்ல கொஞ்சம் சத்தம் இருக்குது, ஆனா கிளட்ச்சு பூ மாதிரி எறங்குது, இந்த வயசு வண்டியில இப்படி நான் பாத்ததே இல்லைன்னாரு. மனசாரப் பாராட்டித்தான் சொன்னாரு. நான் இவரைப் பாக்கறேன். இவரு அவரைப் பாக்கலை, என்னையப் பாக்கறாரு. எனக்கு என்ன ஆகுமோன்னு பாக்கற மாதிரி இருந்துச்சு. பொறகு, அப்படிங்களான்னு ஒரு வார்த்தை சொல்லிட்டு உள்ள போயிட்டாரு. அவரு போன பொறகு அந்தத் திருப்பூர்க்காரருகிட்ட, வண்டி வேற ஒருத்தருக்குப் பேசியாச்சுங்கன்னு சொல்லி அனுப்பிட்டேன். அவருக்கு ஒண்ணும் புரியலை. அன்னிக்கு ராத்திரி இவரு சாப்பிடலை. நானும்தான் சாப்பிடலை. ஆளுக்கொரு பக்கம் திரும்பிப் படுத்துக்கிட்டோம்.

அதனால உங்ககிட்ட ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். வண்டியில இருக்கற கொறை எல்லாம் சொல்லிட்டேன். எண்ணெய் இன்னும் சொட்டும், தாம்பாளத்தையும் எடுத்துக்கங்க. வெயில் காலத்துல ரேடியேட்டரைப் பாத்துக்கங்க. கதவுக்கு அடியில இன்னும் மக்கு இருக்குது, மழைக்கு முன்னாடி பிரிச்சுத் தகரம் வெச்சிருங்க. ஸ்டான்லி நெம்பரு தர்றேன், நான் திட்டுனதுக்கு அவருகிட்ட மன்னிப்புக் கேட்டதாச் சொல்லுங்க. வெலையை நீங்க எப்படிக் கொறைச்சுக் கேட்டாலும் நான் பேசி வாங்கித் தர்றேன். இதெல்லாம் உங்களுக்காக. எனக்காக ஒண்ணு செய்ங்க. ஓட்டிப் பாத்துட்டு வந்து எறங்கறப்ப, அவரு காதுல விழற மாதிரி, கிளட்ச்சு ரொம்ப இறுக்கமா இருக்குதுங்கன்னு ஒரு வார்த்தை சொல்லிருங்க. சும்மா காலைக் கொஞ்சம் நீவிக்கிட்டுச் சொல்லுங்க. பொய்தான். உங்க வயசுக்கு இப்படி ஒரு பொய்யைச் சொல்லச் சொல்றது தப்புத்தான். ஆனா அவருக்கு வேற எதுவும் தெரியாது அம்மிணி. அவரு அந்தக் கிளட்ச்சைத்தான் பிடிச்சுக்கிட்டு நிக்கறாரு.

எதுக்கு அழுகறீங்க? வேண்டாம், கண்ணைத் தொடைங்க. முந்தானை சுத்தமாத்தான் இருக்குது, இந்தாங்க.

ஆர்.சி. புக்கை ஜெராக்ஸ் எடுக்கப் போயிருக்காரு. நான் போறேன்னேன், கேக்கலை, அவங்க வர்றப்ப எல்லாம் தயாரா இருக்கணும்னு தானே கிளம்பிட்டாரு. தெருமுனைக் கடைதான். அதா, வர்றாரு பாருங்க. இல்ல, பாக்க வேண்டாம். மெதுவாத்தான் வருவாரு. நம்ம பாக்கறது தெரிஞ்சா வேகமா நடக்கப் பாப்பாரு. டிக்கியைத் தொறக்கறேன், ரெண்டு பேரும் குனிஞ்சு உள்ள பாத்துக்கிட்டு இருக்கலாம், வாங்க.